இரண்டு பேர் படுக்கிற வண்டி

பிளேஸ்டோ வீட்டில் வண்டிப் பேச்சு எழும்பி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

பியற்றிசுக்குக் குடலில் ஆபரேசன் நடந்ததிலிருந்து, கழிவறை பக்கத்தில் இல்லாத இடத்துக்கு அவள் போவதில்லை. ஆடி மாதத்தில் கோயில் ஆட்கள் கோச் பஸ் பிடித்து வால்சிங்கம் மாதாவிடம் யாத்திரை போகும்போது, இரண்டு வருடமாக வாசலில் நின்று கை காட்டிவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் புருஷன் றெஜினோல்ட், முன்னொருவர் பாவித்த மோட்டார்ஹோம் ஒன்று வாங்குவதென்று வெளிக்கிட்டார். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. பெரியது வாங்கினால் தெருவில் நிறுத்த இடமில்லை. ஆகவே சின்னதாக இருக்க வேண்டும். சின்னதானாலும் உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும். பியற்றிஸ் ஏணி ஏறாமல் படுக்க வேண்டும்.

இவ்வளவும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று றெஜினோல்டின் வயிற்றுக்குள் கிடந்தது.

இன்று செவன் கிங்ஸில் பார்க்கப் போகிற வண்டியில் படுக்கை இரண்டு பேருக்குத்தான். பெல்ட் போட்டு இருந்து போகக்கூடிய ஆசனமும் இரண்டுதான். வீட்டில் இருப்பதோ மூன்று பேர்.

மூன்றாவது ஆள் செபமாலைமுத்து. பியற்றிசின் தமையன். கலியாணம் கட்டாத மனிதர். பின்னறையில் ஒரு கட்டிலும் ஒரு மாதா படமுமாகக் காலத்தைக் கழித்தவர். றெஜினோல்டின் பிள்ளைகள் அவர் தோளில் ஏறித்தான் இந்த ஊரைப் பார்த்தார்கள். பியற்றிஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, றெஜினோல்ட் ஷிப்டை விட முடியாமல் குளிர்க் களஞ்சியத்தில் இறைச்சிப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். சூப் வைத்து, போத்தலில் ஊற்றி, பஸ் மாறிப் பஸ் ஏறிக் கொண்டுபோய்ப் பருக்கியவர் செபமாலைமுத்து.

அப்படிப்பட்ட மனிதரைக் கழித்துவிட்டுத்தான் றெஜினோல்ட் வண்டி தேடினார்.

வெறுப்பில் அல்ல. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் தன் மனைவியோடு தனியாக ஒரு கூரையின் கீழ் விடிந்து எழும்பியதில்லை. முதலில் பொடியங்கள் கூட்டமாய் இருந்த வாடகை வீடு. பிறகு பிள்ளைகள். பிள்ளைகள் போன பிறகும் மச்சான். பெட்டி தூக்கித் தேய்ந்த முதுகு, இனியாவது ஒரு நாலு நாள் அவளோடு தனிய ஒரு ஜன்னலைப் பார்த்துத் தேத்தண்ணி குடிக்க ஆசைப்பட்டது. ஆசை சின்னதுதான். ஆனால் சின்ன ஆசையைத்தான் வாய் விட்டுச் சொல்ல முடிவதில்லை. அதனால் அவர் வாயைத் திறக்காமல் வண்டியைத் திறந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. பியற்றிஸ் சீலை உடுத்து, மேலே குளிருக்குக் கோட்டும் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தாள். றெஜினோல்ட் பொக்கற்றுக்குள் கார்த் திறப்பைத் தேடுகிறவர்போல நின்றார். நடைக்குள் செபமாலைமுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, தலை விளக்கில் இடிக்காதபடி கழுத்தைச் சரித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் நெடுத்த மனிதர். வீட்டில் ஒவ்வொரு நிலைப்படிக்கும் ஒரு கும்பிடு போட்டே பழகியவர்.

"மச்சானும் வாறியளோ?" என்றார் றெஜினோல்ட்.

"பின்னே? வண்டி பாக்கிற நாளிலை நான் என்ன, வீட்டிலை இருந்து வெங்காயமோ உரிக்கிறது?"

றெஜினோல்டுக்கு வேறு வழி தெரியவில்லை. எங்கோ சின்ன வயதில் கேட்டது வாயில் வந்தது. "இல்லை... நல்ல காரியத்துக்கு மூண்டு பேராப் போனால் சரிவராது எண்டு சொல்லுறவை."

பியற்றிஸ் திரும்பிப் பார்த்தாள். "உதென்ன புதுக் கதை? சனியிரவு செபமாலை சொல்லுற வாயாலை கதைக்கிற கதையோ இது?"

"சும்மா இரு பிள்ளை, றெஜி சொல்லுறது சரி," என்றார் செபமாலைமுத்து. "எங்கட அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறவ. அதுக்கு மருந்தும் அவவே சொல்லித் தந்திருக்கிறா."

வெளியே போனார். பக்கத்து வீட்டுக்காரி பூச்சாடிக்குள் பரப்பி வைத்திருந்த வெள்ளைக் கற்களில் ஒன்றை எடுத்துத் துடைத்தார். சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டுத் தட்டினார்.

"இப்ப நாலு பேர். இவருக்குச் சாப்பாடும் தேவையில்லை, ரொய்லெற்றும் தேவையில்லை. அருமையான மனுசன்."

பியற்றிஸ் தைத்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அண்ணை, சிரிக்க வைக்காதேங்கோ, நோகுது." றெஜினோல்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

காரில் பின்னாசனத்தில் முழங்காலை நாடிக்கு முட்டுக்கொடுத்தபடி செபமாலைமுத்து ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார்.

"பாதரிட்டையும் சொல்லிப்போட்டன். இந்த முறை எங்கட வண்டியிலை வாறம், நீங்கள் வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கவேணும் எண்டு. நான் பின்னாலை இருந்து செபமாலை சொல்லிக்கொண்டு வருவன். றெஜி, உமக்கு நித்திரை வந்தால் சொல்லும், பாட்டாவே படிக்கிறன்."

"உங்கட பாட்டைக் கேட்டால் வண்டி தானா ரோட்டை விட்டு இறங்கிடும்," என்றாள் பியற்றிஸ்.

"இறங்கினால் என்ன, உள்ளை கட்டில் இருக்குத்தானே. படுப்பம்."

றெஜினோல்ட் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பின்னால் வருகிற வாகனம் தெரிய வேண்டுமானால் பார்க்கத்தான் வேண்டும். பார்த்தால் அந்த முகம் தெரியும். செவன் கிங்ஸ் வரைக்கும் பக்கக் கண்ணாடியை வைத்தே ஓட்டி முடித்தார்.

செவன் கிங்ஸில் வண்டிக்காரர் பெயர் சேகர். கோயம்புத்தூர் ஆள். ஏதோ வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டு முற்றத்தை அடைத்துக்கொண்டு வெள்ளை வண்டி நின்றது. வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம், அதைத் தொடர்ந்து இன்னொரு குழந்தை.

"வாங்க சார், வாங்கம்மா. ட்வின்ஸ் பொறந்திருக்காங்க. இனிமே எங்களுக்கு இது பத்தாது. அதான் குடுக்கறேன்." மூன்றாவது ஆளைப் பார்த்தார். "சார் யாரு?"

"நான் மச்சான். இன்னுமொருத்தர் பொக்கற்றுக்கை இருக்கிறார்," என்றார் செபமாலைமுத்து.

சேகருக்கு விளங்கவில்லை. மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் பக்கக் கதவை இழுத்துத் திறந்தார்.

பியற்றிஸ்தான் முதலில் ஏறினாள். ஒரு படிதான், கையைப் பிடிக்கவும் ஆள் தேவைப்படவில்லை. வலப்பக்கம் சின்ன அடுப்பு, மூடி போட்ட தொட்டி. இடப்பக்கம் ஒடுக்கமான கதவு. அதைத் திறந்தாள். உள்ளே கழிவறை, ஒரு கைகழுவும் கிண்ணம், சுவரில் தண்ணீர்க் குழாய். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மூடியின் மேல் இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள். புதுச் சட்டை போட்டுப் பார்த்த சின்னப் பிள்ளையின் முகம்.

"இஞ்சேருங்கோ, வடிவா இருக்கு. முழங்கால் இடிக்கேல்லை."

"நீர் படுக்கையையும் பாரும்," என்றார் றெஜினோல்ட்.

வண்டியின் பின்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு நீள ஆசனங்கள். நடுவில் பலகையை இழுத்துப் போட்டால் அகலமான ஒரே படுக்கை. சேகர் இழுத்துக் காட்டினார். பியற்றிஸ் ஓரத்தில் இருந்தாள். பிறகு மெல்லச் சரிந்து, காலையும் தூக்கி வைத்துக்கொண்டாள். பின்கண்ணாடியில் ஒரு துண்டு வானம் தெரிந்தது. அவள் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்தாள். ஆபரேசனுக்குப் பிறகு அவள் முகத்தில் றெஜினோல்ட் அப்படியொரு அமைதியைக் கண்டதில்லை.

மகள் ஜெனோஜா போனில் சொல்லிக் கொடுத்தபடி அவர் மூலைகளை அழுத்திப் பார்த்தார். ஈரம் ஊறிய மரம் மெத்தென்று போகுமாம். மோந்து பார்த்தார். பூஞ்சண வாசம் இல்லை. நிமிர்ந்து நின்றார். தலைக்கு மேலே கை வைக்க இடமிருந்தது. இருக்கும் என்று அவருக்கு முன்னமே தெரியும். சேகரிடம் போனில் உட்கூரையின் உயரத்தைக் கேட்டு, வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, தானும் நின்று, ஏதோ சாட்டுச் சொல்லிப் பியற்றிசையும் நிறுத்திப் பார்த்தவர். அந்தக் கோட்டுக்குக் கீழே செபமாலைமுத்துவை நிறுத்திப் பார்க்கவில்லை.

இப்போது அவர் தானாகவே ஏறி வந்தார். மேற்பெட்டியில் ‘டொக்’ என்று நெற்றி அடித்தது.

"சார், பாத்து, பாத்து!"

"பரவாயில்லை தம்பி. முதல் நாள் அறிமுகம்." கழுத்தை மடக்கி, முதுகையும் வளைத்து, கேள்விக்குறிபோல நின்றார். ஒரு பக்கம் சரிந்து பார்த்தார். மறுபக்கம் சரிந்து பார்த்தார். கூரையில் காற்றுக்காக வைத்த சதுர மூடி கண்ணில் பட்டது. "இதைத் திறக்க ஏலுமோ?"

சேகர் பிடியைச் சுற்றித் திறந்தார். செபமாலைமுத்து அந்த ஓட்டைக்குள் தலையை விட்டு நிமிர்ந்தார். உள்ளே கழுத்துக்குக் கீழேதான் ஆள் இருந்தார். தலை கூரைக்கு மேலே போய்விட்டது.

"றெஜி! இதிலை நிண்டால் செவன் கிங்ஸ் முழுக்கத் தெரியுது!" மேலேயிருந்து சத்தம் வந்தது. "ஆரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைப் பாத்துக் கை காட்டுறா!"

பியற்றிஸ் படுத்தபடியே குலுங்கினாள். சேகர் கூடச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து இருந்தவளுக்கு, ஏதோ தட்டுப்பட்டது. பலகையைப் பார்த்தாள். முன்னே இரண்டு ஆசனங்களைப் பார்த்தாள். மேலே பார்த்தாள்.

"அப்ப அண்ணை எங்கை படுக்கிறது?"

றெஜினோல்ட் குனிந்து, ஏற்கெனவே பார்த்த மூலையை இன்னொரு தடவை அழுத்தினார். பெருவிரல் நகம் வெளுத்தது.

"இது டூ பெர்த் தானேம்மா," என்றார் சேகர், ஒரு பாவமும் அறியாமல். "போன்லயே சார்கிட்ட கேட்டேனே, எத்தனை பேருன்னு. நாங்க ரெண்டே பேர்தான், வேற யாரும் இல்லன்னாரு. பின்னால பெல்ட்டும் கிடையாது. மூணாவது ஆள ஏத்திட்டுப் போகக் கூடாது."

வீட்டுக்குள் அழுத குழந்தைகளும் அந்த நேரம் பார்த்து அடங்கிப்போயின.

நடுவில் நின்ற தலையில்லாத உடம்பை றெஜினோல்ட் பார்த்தார். சிரிப்பில் ஆடிக்கொண்டிருந்த தோள்கள் நின்றிருந்தன. இரண்டு கைகளும், தெரியாத ஆட்களின் வாசலில் நிற்கிறவரின் கைகள்போல, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. கேட்டிருக்குமா? கூரைக்கு மேலே காற்று இருக்கிறது, ரோட்டுச் சத்தம் இருக்கிறது. கேட்டிருக்காது என்று நினைக்க அவருக்கு விருப்பம். ஆனால் அந்தத் தலை உடனே கீழே வரவில்லை. அதிலேயே விடை இருந்தது.

கடைசியில் செபமாலைமுத்து மெல்ல முழங்காலை மடித்துத் தலையை உள்ளே எடுத்தார்.

"காத்து நல்லா வருது," என்றார். "நல்ல வண்டி, றெஜி. பிள்ளைக்கு ஏத்த வண்டி."

"மச்சான், நான் உங்களிட்டைச் சொல்ல..."

"என்னத்தைச் சொல்லுறது? நான் கோச்சிலையல்லோ போறன். போன ஞாயிறே பேர் குடுத்தாச்சு. அவையளுக்குப் பாட்டுப் படிக்க ஆளில்லையாம்."

கோச்சுக்குப் பேர் எடுப்பது வருகிற ஞாயிறுதான். பீடத்திலிருந்து பாதர் அறிவித்தபோது றெஜினோல்ட் அதே கோயில் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். இருவருக்கும் அது தெரியும். ஒருவர் பொய் சொன்னார். மற்றவர் தலையாட்டினார். எது பெரிய பொய் என்று அந்த வெள்ளை வண்டிதான் சொல்ல வேண்டும்.

இறங்கும்போது சேகர் சொன்னார்: "நாளைக்கு மத்தியானம் வேற ஒரு பார்ட்டி வர்றாங்க சார். வேணும்னா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

செபமாலைமுத்து காரில் ஏறவில்லை. "கால் மரத்துப்போச்சு. நான் கொஞ்சம் நடந்து, பிறகு ரெயினிலை வாறன். நீங்கள் போங்கோ." வளைந்த முதுகு தெருவில் நிமிர்ந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஆசைப்பட்ட தனிமை கிடைத்துவிட்டது. காரில் புருஷனும் பெண்சாதியும் மட்டும். ஜன்னல் இருந்தது, வானம் இருந்தது. தேத்தண்ணிதான் இல்லை. பியற்றிஸ் மடியில் கைப்பையை வைத்து அதன் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். றொம்ஃபோர்ட் ரோட் முழுக்க அந்தச் சத்தம்தான்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையடிக் கதிரையில் இருந்தாள்.

"வேற ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம்."

"அண்ணை இல்லையோ?"

"சேகர் படுக்கைக்கு எத்தனை பேர் எண்டுதான் கேட்டவர், பியற்றிஸ். நான் அந்த அர்த்தத்திலை..."

"என்ன அர்த்தத்திலை?"

றெஜினோல்ட் சுவரோடு சாய்ந்தார். குளிர்க் களஞ்சியத்தில் கதவு தானாக மூடிக்கொண்டால் வெளியே வர ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். இங்கே எதை அழுத்துவது என்று தெரியவில்லை.

"உம்மோடை கொஞ்ச நாள் தனிய இருக்க விரும்பினன். அவ்வளவுதான்."

ஏசுவாள் என்று காத்திருந்தார். அவள் ஏசவில்லை. மேசையில் கிடந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டினாள்.

"என்னை ஏன் கேக்கேல்லை?"

"நீர் விடமாட்டீர் எண்டு."

"பொய். நான் ஓம் எண்டு சொல்லிப்போடுவன் எண்ட பயத்திலைதான் கேக்கேல்லை. நான் ஓம் எண்டிருந்தால், உங்களுக்குத் தெரியும், பிறகு எங்கள் ரெண்டு பேரையும் பிடிச்சு நிறுத்த ஒருத்தரும் இல்லை."

அவர் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் படுக்கையிலை கிடந்து வானத்தைப் பாத்தனே," என்றாள் பியற்றிஸ். குரல் தணிந்துவிட்டது. "அப்ப மனசுக்குள்ளை நானும் நீங்களும்தான் இருந்தம். ஒரு கடற்கரையும் இருந்தது. அண்ணை மேலை நிண்டு பகிடி விடுறார், நான் சிரிக்கிறன், ஆனால் அந்தக் கடற்கரையிலை அவர் இல்லை. இல்லை எண்டு விளங்கினவுடனை நெஞ்சு திடுக்கிட்டுது. அதாலைதான் கேட்டனான், அண்ணை எங்கை படுக்கிறது எண்டு. நீங்கள் நினைச்சியள் அவருக்காகக் கேட்டனான் எண்டு. நான் என்னை மறைக்கக் கேட்டனான்."

எழுந்து போய் அரிசியை அளவுச் சுண்டில் அள்ளினாள். பழக்கத்தில் மூன்று பேருக்கு அள்ளினாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எனக்குக் குடல் வெட்டினவை," என்றாள். "மனுசத்தன்மையையும் வெட்டிப்போட்டினமோ தெரியேல்லை."

றெஜினோல்ட் முன்னறைக்குப் போனார். ஒரு பாவத்தை இரண்டு பேர் சுமந்தால் பாரம் பாதியாகும் என்பார்கள். இங்கே இரட்டிப்பாகியிருந்தது. இதற்கு ஒரு முடிவுதான் உண்டு என்று போனை எடுத்தார். வண்டியும் வேண்டாம், வானமும் வேண்டாம்.

"தம்பி சேகர், குறை நினைக்கக் கூடாது. அந்த வண்டி எங்களுக்கு வேண்டாம்."

மறுபக்கம் குழந்தை அழுகிற சத்தத்துக்கு மேலே சேகரின் குரல் வந்தது.

"என்ன சார் இது? உங்க மச்சான் இப்பத்தானே சொல்லிட்டுப் போனாரு?"

"ஆர்? எப்ப?"

"நீங்க கெளம்பின கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தாரு. அவங்க கூச்சப்படுவாங்க, ஆனா கண்டிப்பா எடுப்பாங்க, என் தங்கச்சி அப்படி சிரிச்சு ரொம்ப நாளாச்சு, வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

றெஜினோல்ட் சோபாக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் சார்... இந்தப் பக்கம் ஒரு ஆள் தங்கற மாதிரி ரூம் ஏதாவது வாடகைக்கு இருக்கான்னு கேட்டாரு. எங்க எதிர் வீட்டு மாடில ஒண்ணு காலியா இருக்கு. சொன்னேன். நாளைக்குக் காலைல சர்ச்சு முடிஞ்சதும் வந்து பாக்கறேன்னிருக்காரு. உங்க வீட்ல எல்லாரும் பேசி முடிவு பண்ணினதுன்னு நெனச்சேன். இல்லையா சார்?"

றெஜினோல்ட் ஆசைப்பட்டது நாலு நாளைக்குத்தான். நாலே நாளைக்கு. அந்த மனிதருக்கு அது வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. கேட்காமல் என்ன செய்யும்? வேறு யாரும் இல்லை என்று சொன்ன வாய் எந்த வண்டியைப் பற்றிச் சொன்னது, எந்த வீட்டைப் பற்றிச் சொன்னது என்று அவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

"சார்? லைன்ல இருக்கீங்களா? வண்டி வேணுமா, வேணாமா?"

"பிறகு எடுக்கிறன் தம்பி."

வாசல் கதவில் திறப்புத் திரும்புகிற சத்தம் கேட்டது. செபமாலைமுத்து குனிந்து உள்ளே வந்தார். முகத்தில் வெயில் பட்ட சிவப்பு. சப்பாத்தைக் கழற்றி, எப்போதும் வைக்கிற இடத்தில் சோடியாக வைத்தார்.

"நல்ல நடை. உடம்பு இளகினமாதிரி இருக்கு," என்றார். "பிள்ளை, சோறு போட்டாச்சே? வயிறு கூப்பிடுது." குசினியிலிருந்து பதில் வரவில்லை. ஜக்கெற்றைக் கழற்றியபடி, ஒரு சின்ன விசயத்தைச் சொல்கிறவர்போலச் சொன்னார்:

"றெஜி, நாளைக்கு நான் விடியப் பூசைக்குப் போறன். நீங்கள் ரெண்டு பேரும் ஆறுதலா எழும்பிப் பத்தரைக்கு வாங்கோ. எனக்கு அங்காலை ஒரு அலுவல் கிடக்கு."

இந்த வீட்டில் மூவரும் ஒரே பூசைக்குப் போகாத ஞாயிறு, பியற்றிஸ் ஆஸ்பத்திரியில் கிடந்த ஞாயிறுகள் மட்டும்தான்.

றெஜினோல்ட் போனை வைத்துவிட்டு நடைக்கு வந்தார். எல்லாவற்றையும் இப்போதே கொட்டிவிடலாம். மன்னிப்புக் கேட்கலாம். எந்தச் சொல்லைத் தூக்கினாலும் அது இறைச்சிப் பெட்டியைவிடப் பாரமாக இருந்தது. தூக்கக்கூடியதாக ஒன்றுதான் கிடைத்தது.

"நானும் உங்களோடை வாறன், மச்சான்."

சுவர்க் கொளுவியில் ஜக்கெற்றை மாட்டப்போன கை பாதி வழியில் நின்றது. செபமாலைமுத்து திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, கோபமும் இல்லாமல் பகிடியும் இல்லாமல், ஒரே ஒரு சொல் கேட்டார்.

"ஏன்?"